ஓரக்கோட்டில் ஓடியவர்கள்

கேமரன் மலையில், ரிங்லெட்டைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் சமதளம் கிடைப்பதே அரிது. மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய திடலில் பந்து விளையாடினால், ஓரக்கோட்டைத் தாண்டிய பந்து தேயிலைச் செடிக்குள்தான் போய் நிற்கும். ஓரமாக ஓடுகிறவனுக்குக் காலில் வேகம் மட்டும் இருந்தால் போதாது, பந்தைக் கட்டுக்குள் வைத்திருக்கவும் தெரிய வேண்டும். விங்கர் என்பவன் யார் என்று புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இல்லை.

பஹாங் ரசிகர்கள் கூடினால் 1983ஆம் ஆண்டின் முதல் மலேசியக் கிண்ணம் பேச்சில் வரும். 1992 வரும், 2013, 2014 என்று அடுத்தடுத்து வென்ற கிண்ணங்களும் வரும். கோல் அடித்தவர் பெயர் உடனே நினைவுக்கு வந்துவிடும். அந்தப் பந்தை ஓரத்திலிருந்து தூக்கிப் போட்டவர் யார் என்று கேட்டால் சற்று யோசிப்பார்கள். கிண்ணப் போட்டிகளின் வரலாற்றுப் பக்கங்களிலும் இதே கதைதான்.

ஆனால் விங்கர்களை மறக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கும் ரசிகர் கூட்டம் ஒன்று உண்டு. அது கொல்கத்தாவில் இருக்கிறது. ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் மிகச் சிறந்த விங்கர் யார் என்ற விவாதம் அங்கே தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்து சேரும் குடும்பச் சொத்து மாதிரி. அந்தப் பட்டியலில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

கழகம் 1920ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி பிறந்தது. கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரை ஓர் ஆட்டத்தில் ஒதுக்கிவிட்டார்கள் என்ற கோபத்தில் தொடங்கிய கழகம் அது. 1947 பிரிவினைக்குப் பிறகு வீடு வாசலை விட்டுக் கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த அகதிகளுக்கு, சிவப்பும் தங்கமும் கலந்த அந்தச் சட்டையே சொந்த ஊர் ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்த வங்காளிகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஐந்து பேரும் தெற்கிலிருந்து வந்தவர்கள்! கழகச் செயலாளர் ஜோதிஷ் சந்திர குஹா தேடிப் பிடித்துக் கொண்டுவந்த தாக்குதல் வரிசை அது. வலது ஓரத்தில் வெங்கடேஷ், இடது ஓரத்தில் கேரளத்து சாலே, நடுவில் அப்பாராவ், தன்ராஜ், அகமது கான். ரசிகர்கள் இவர்களுக்கு வைத்த பெயர் பஞ்ச பாண்டவர்கள். 1949இலிருந்து 1951வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயம் இவர்கள் கைக்கு வந்தது.

அந்தக் காலத்து ஆட்டமுறையில் ஐந்து பேர் முன்னால் நிற்பார்கள். இரண்டு ஓரங்களிலும் உள்ளவர்களின் வேலை தெளிவானது. எதிரணித் தற்காப்பாளரை ஏமாற்றிக் கோட்டின் கடைசிவரை ஓட வேண்டும், அங்கிருந்து பந்தை நடுவில் போட வேண்டும். வெங்கடேஷ் 1951ஆம் ஆண்டு டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் இருந்தார்.

இவர்களுக்கு அடுத்த தலைமுறையில்தான் துளசிதாஸ் பலராம் வருகிறார். செகந்திராபாத் அருகே அம்முகுடாவில், தமிழ்க் குடும்பத்தில் 1936இல் பிறந்தவர். தாயார் பெயர் முத்தம்மா. ஏழ்மை எப்படிப்பட்டது என்றால், பயிற்சிக்கு வரச் சொன்னபோது போக்குவரத்துக்குக் கையில் காசில்லை. பயிற்றுநர் சையத் அப்துல் ரஹீம்தான் மிதிவண்டிக்கு ஏற்பாடு செய்துகொடுத்தார். அந்த மிதிவண்டி மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் இந்தியக் காற்பந்து ஒரு மேதையை இழந்திருக்கும்.

1956இல் மெல்பர்ன் ஒலிம்பிக். இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம் பிடித்தது. அந்த அணியில் பலராமுக்கு வயது இருபதுதான். அடுத்த ஆண்டே ஈஸ்ட் பெங்கால் அவரை அழைத்துக்கொண்டது. 1961இல் அவர் தலைமையில் கழகம் கல்கத்தா லீக்கை வென்றது. அந்த லீக்கில் அதிக கோல் அடித்தவரும் அவரே, 23 கோல். ஓரத்தில் நின்று பந்து போட்டுக்கொடுக்க வேண்டியவர் இத்தனை கோல் அடித்தது எப்படி என்று கேட்கலாம். பலராம் ஓரத்தில் தொடங்கி உள்ளே வெட்டி வருவார், தேவைப்பட்டால் மையத்திலும் ஆடுவார். இன்றைக்கு ஐரோப்பிய லீக்குகளில் விங்கர்கள் செய்வதைப் பார்த்து வியக்கிறோமே, அதை அன்றே செய்தவர்.

1960இல் ரோம் ஒலிம்பிக்கில், பின்னர் வெண்கலம் வென்ற ஹங்கேரியிடம் இந்தியா 1-2 என்று தோற்றது. இந்தியாவின் அந்த ஒரு கோல் பலராமுடையது. பெரு நாட்டுக்கு எதிரான 1-3 தோல்வியிலும் இந்தியாவின் ஒரே கோல் அவர் அடித்ததுதான். 1962இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம். வலது ஓரத்தில் பி.கே. பானர்ஜி, நடுவில் சுனி கோஸ்வாமி, இடதில் பலராம். மும்மூர்த்திகள் என்றே பத்திரிகைகள் எழுதின.

அடுத்த ஆண்டே எல்லாம் முடிந்தது. நுரையீரல் பாதிப்பு. இருபத்தேழு வயதில் காலணியைக் கழற்ற வேண்டியதாயிற்று. மும்மூர்த்திகளில் சுனிக்கும் பி.கே.வுக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது, பலராமுக்குக் கிடைக்கவில்லை. 1962இல் வாங்கிய அர்ஜுனா விருதோடு சரி. ஏன் என்ற கேள்விக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை. உத்தர்பாராவில் அமைதியாக வாழ்ந்து, 2023 பிப்ரவரி 16ஆம் தேதி மறைந்தார்.

கொல்கத்தா விவாதத்துக்குத் திரும்பினால், இளைய தலைமுறை பலராமை ஒப்புக்கொண்டாலும் உடனே சுரஜித் சென்குப்தா என்று அடுத்த பெயரை எடுத்துப் போடும். 1970இலிருந்து 1975வரை ஈஸ்ட் பெங்கால் ஆறு முறை தொடர்ந்து லீக் வென்ற பொற்காலம் அது. பயிற்றுநராக வந்தவர் வேறு யாருமல்ல, பழைய வலது விங்கர் பி.கே. பானர்ஜிதான். 1975 செப்டம்பர் 30ஆம் தேதி கேடய இறுதி ஆட்டத்தில் பரம வைரியான மோகன் பாகானை 5-0 என்று புதைத்தார்கள். முதல் கோல் சுரஜித்துடையது. அதே காலத்தில் வலது ஓரத்தை உழுதவர் சுபாஷ் பௌமிக். சுரஜித்துக்கு நளினம், பௌமிக்குக்கு உடல் வலிமை. இதில் எது பெரிது என்று கேட்டால் ஒரு தேநீர்க் கடையில் ஒரு மாலைப்பொழுது போய்விடும். இருவரும் 2022இல் ஒரு மாத இடைவெளியில் மறைந்தார்கள்.

பௌமிக் பயிற்றுநராகவும் முத்திரை பதித்தவர். 2003 ஜூலையில் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கழகப் போட்டியின் இறுதியில் தாய்லாந்தின் பி.இ.சி. டெரோ சாசனாவை 3-1 என்று வென்று ஈஸ்ட் பெங்கால் கிண்ணத்தை எடுத்துச் சென்றது. நம் வட்டாரக் கிண்ணம் கொல்கத்தாவுக்குப் போனதை இங்கே எத்தனை பேர் கவனித்தார்கள்?

நம் நாட்டுக்கும் ஓரக்கோட்டு வீரர்கள் பஞ்சமில்லை. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று ஒலிம்பிக் தகுதி பெற்றோம். வெற்றி கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். பந்தை அவருக்கு அனுப்பியவர் சபாவின் ஹசான் சானி, வேகத்துக்குப் பேர்போனவர். கோல் கம்பத்தைக் காத்தவர் நம் ஆர். ஆறுமுகம். ஆப்கானிஸ்தான் விவகாரத்தால் மாஸ்கோவைப் புறக்கணித்ததால் அந்த அணி ஒலிம்பிக் திடலைப் பார்க்கவே இல்லை. 2016இல் வெளிவந்த ‘ஓலா போலா’ படம் வந்த பிறகுதான் பல இளைஞர்களுக்கு இந்தக் கதை தெரிந்தது.

அடுத்து எஸ். குணாளன். நெகிரி செம்பிலான் பஹாவ் பையன். கே. ராஜகோபால் பயிற்சியில் 2009 சீ விளையாட்டுத் தங்கம், 2010 சுசுகி கிண்ணம் வென்ற அணிகளில் இருந்தவர். வலது விங்கராக வளர்ந்த அவர், பிறகு வலது தற்காப்பாளராக மாறினார். 2015இல் ஜொகூர் ஏ.எஃப்.சி. கிண்ணம் வென்றபோதும் அணியில் இருந்தார். இன்றைய ஆட்டமுறை அப்படித்தான் இருக்கிறது. விங்கர் உள்ளே போய்விடுகிறார், ஓரக்கோட்டில் ஓடும் வேலை பின்னால் நிற்பவர் தலையில் விழுகிறது. வெங்கடேஷ் ஓடிய அதே ஓரம்தான், ஆனால் இப்போது ஓடுபவர் முப்பது கெஜம் பின்னாலிருந்து கிளம்பி வர வேண்டியிருக்கிறது, பந்து பறிபோனால் அதே தூரம் திரும்பியும் ஓட வேண்டும்.