வட்டத்தொட்டியும் புலவர் கேண்மையும்

தென்காசியை அடுத்துள்ள சிற்றூர்களுள் ஒன்று குத்துக்கல்வலசை. குத்துக்கல் என்பது நட்டு நிறுத்திய கல். வலசை என்பது இடம்பெயர்ந்து செல்லுதல். நிலைத்து நிற்பதும் பெயர்ந்து செல்வதும் ஒரு பெயருள் அடங்கியிருத்தல் நோக்கத்தக்கது. இவ்வூரைச் சூழ்ந்த தென்காசி, குற்றால வட்டாரத்தின் இலக்கிய வரலாறும் இத்தகையதே. நிலைத்த புலமை மரபு ஒன்று இங்கு உண்டு. பிற ஊர்களிலிருந்து வந்து கூடிக் கலைந்த புலவர் குழாமும் உண்டு. எழுதுவோர் ஒருவரையொருவர் தாங்கி வளர்த்த வரலாற்றை இவ்வட்டாரத்தில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரபின் தொடக்கத்தைத் தென்காசிப் பாண்டியரிடத்துக் காண்கின்றோம். பதினாறாம் நூற்றாண்டில் நைடதம் பாடிய அதிவீரராமனும், பிரமோத்தர காண்டம் பாடிய வரதுங்கராமனும் ஒரே அரசமரபினர், இருவரும் புலவர். நைடதத்தை வரதுங்கராமனும் அவன் மனைவியும் படித்துக் குறைநிறை கூறினர் என்று செவிவழிக் கதை ஒன்று வழங்குகின்றது. இக்கதைக்கு வரலாற்றுச் சான்று தேடுதல் வீண். ஆயினும் அரசனது நூலே ஆயினும் உற்றார்முன் வைத்து மதிப்பிடப்பெற வேண்டும் என்று இவ்வட்டாரத்தார் கருதினர் என்பது இதனால் புலனாகும்.

இம்மரபு இருபதாம் நூற்றாண்டில் புதுவடிவம் பெற்றது. அதற்குக் காரணராயினார் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954). தென்காசிக் குடும்பத்தினர், சட்டம் பயின்றவர், சென்னைச் சட்டமன்ற மேலவையிலும் பின்னர் அறநிலைய ஆட்சித் துறையிலும் பணியாற்றியவர். 1920களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருந்த அவரது இல்லத்தில் அன்பர்கள் கூடிக் கவிதை படிக்கலாயினர். அவ்வில்லத்துத் தொட்டிக்கட்டில் கூடியமையால் அக்கூட்டம் வட்டத்தொட்டி எனப்பெற்றது. பிற்காலத்தில் ரசிகமணி குற்றாலத்தில் தங்கியபோது, வட்டத்தொட்டியும் அவரோடு பெயர்ந்து அருவிக்கரையை அடைந்தது எனலாம். இராசாசியும் கல்கியும் அவரை நாடிக் குற்றாலம் வந்தனர்.

இக்கூட்டத்தின் செயல்முறை எளியது. ஒரு பாடலை எடுத்துக்கொள்வர், உரக்கப் படிப்பர், மீண்டும் மீண்டும் படித்து அதன் ஓசையையும் உணர்ச்சியையும் துய்ப்பர். கவிஞனுக்குத் தேவையானது வெறும் புகழுரை அன்று. தன் சொல் பிறர் உள்ளத்தில் சென்று தைத்தது என்னும் உறுதியே. அவ்வுறுதியை அளித்ததே வட்டத்தொட்டியின் முதற்பணி என்று நாம் கருதுகின்றோம்.

இதற்குச் சிறந்த சான்று கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876-1954). அவர் அந்நாளில் திருவிதாங்கூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாஞ்சில் நாட்டினர். தம்மை முன்னிறுத்திக்கொள்ளாத இயல்பினர். அவர்தம் பாடல்களை மேடைதோறும் எடுத்துப் பாடியும் எழுதியும் தமிழகம் அறியச் செய்தவர்களுள் ரசிகமணி முதன்மையானவர். கேண்மை ஒருவழிப்பட்டதன்று. ரசிகமணியின் மகன் தீத்தாரப்பன் மறைந்தபோது கவிமணி இரங்கற்பா பாடி அவருக்கு ஆறுதல் அளித்தார். துய்ப்பவர் கவிஞரைத் தாங்கினார். கவிஞர் துய்ப்பவரைத் தாங்கினார்.

இளையோர் பலரும் இவ்வட்டத்தில் ஊக்கம் பெற்றனர். தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் பின்னாளில் 'வேங்கடம் முதல் குமரி வரை' எழுதினார். நீதிபதி எஸ். மகராஜன் சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழாக்கினார். அ. சீனிவாசராகவன் 'வெள்ளைப் பறவை'க்காக 1968 இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றார். இடைசெவலிலிருந்து குற்றாலம் வந்து ரசிகமணியிடம் பழகிய கி. ராஜநாராயணனுக்கு 1991 இல் அப்பரிசு 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குக் கிடைத்தது. இவர்தம் துறைகள் வெவ்வேறு. ஒரே அச்சில் வார்க்கப்பெற்ற மாணாக்கரை வட்டத்தொட்டி உருவாக்கவில்லை என்பது இதனால் தெளிவாகின்றது. நேரிற் கூடாத நாட்களில் கடிதங்களே கூட்டமாயின. ரசிகமணியின் கடிதங்கள் பின்னர் நூல்வடிவும் பெற்றன.

இனி, இவ்வட்டத்தின் எல்லைகளையும் கூறாது விடுதல் ஆராய்ச்சி நெறியாகாது. ரசிகமணி கம்பராமாயணப் பாடல்கள் பலவற்றை இடைச்செருகல் எனத் தள்ளினார். சில இடங்களில் பாடத்தையும் திருத்தினார். அவர் கொண்ட அளவுகோல் சுவையுணர்வேயன்றி ஏட்டுச் சான்றன்று. சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் துணிந்த எஸ். வையாபுரிப் பிள்ளை முதலியோரின் நெறிக்கு இது மாறானது. ஒத்த சுவையினர் நடுவே இருப்பவர்க்குத் தம் சுவையே சான்றாகத் தோன்றுதல் இயல்பு. அன்பு நிறைந்த அவையில் மறுப்புரை அரிதாகும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

மற்றோர் எல்லையும் உண்டு. அதே காலத்தில், 1933 இல் தோன்றிய மணிக்கொடியைச் சார்ந்து சிறுகதை எழுத்தாளர் குழாம் ஒன்று வளர்ந்தது. திருநெல்வேலியில் வளர்ந்த புதுமைப்பித்தன் (1906-1948) அக்குழாத்தின் தலைசிறந்த எழுத்தாளர். ரசிகமணியின் அன்பராகிய கல்கியோடு மணிக்கொடியினர் பாரதியின் தகுதி குறித்தும், தழுவல் இலக்கியம் குறித்தும் கடுமையாக வாதிட்டனர். ஒரே மண்ணில் கிளைத்த இரு குழாங்கள் தத்தம் உறுப்பினரைத் தாங்கினவேயன்றி ஒன்றையொன்று தாங்கவில்லை. எனினும் அவ்வாதத்தின் பயனாகவே கு. ப. ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய 'கண்ணன் என் கவி' என்னும் திறனாய்வு நூல் தோன்றியது. ஆதலின் எழுத்து வளர்வதற்கு அரவணைப்பேயன்றி எதிர்ப்பும் உதவும் என்பது பெறப்படும்.

1954 ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரசிகமணியும், செப்டம்பரில் கவிமணியும், டிசம்பரில் கல்கியும் மறைந்தனர். பாடியவரும், துய்த்தவரும், இதழ்வழிப் பரப்பியவரும் ஓராண்டிலேயே அகன்றமை தமிழுக்குப் பேரிழப்பாகும். ஆயினும் வட்டத்தொட்டி கழகமாகவோ சட்டதிட்டங்கள் கொண்ட அமைப்பாகவோ தொடங்கப்பெற்றதன்று. ஒருவர் இல்லத்தில் சிலர் கூடியிருந்து படித்ததே அதன் முழு வடிவம். ஆகவே அதனை மீண்டும் தோற்றுவித்தற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பிறர் எழுத்தைப் பொறுமையோடு கேட்கும் செவியும், குறை கண்டவிடத்து அன்போடு எடுத்துரைக்கும் துணிவும் வேண்டும். முன்னதை வட்டத்தொட்டி நிறைவாகப் பெற்றிருந்தது. பின்னது அங்கே சற்றுக் குறைந்தது. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த அவை எவ்வூரில் தோன்றினும் அவ்வூரில் இலக்கியம் வளரும் என்பது எமது துணிபு.