வாதா சோதனை

மூளையின் ஒரு பக்கத்தை மட்டும் சில நிமிடங்கள் மயக்கிவைத்து, பேச்சு எந்தப் பக்கத்தில் அமைந்திருக்கிறது என்று அறியும் முறை. வலிப்பு நோய்க்காக மூளையின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் முன் செய்யப்படுகிறது. வகுத்தவர் ஜப்பானிய மருத்துவர் ஜுன் வாதா.

பேச்சு இடப்பக்கம் சார்ந்தது என்பது பழைய செய்தி. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா, 'டான்' என்ற ஓர் ஒலிக்கு மேல் அதிகம் பேச முடியாத லெபோர்ன் என்பவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இட முன்மடலில் சிதைவைக் கண்டார். அசைவுக்கும் பக்கம் உண்டென்பதை 1870இல் ஃபிரிட்ஷும் ஹிட்சிக்கும் காட்டினார்கள்: நாயின் மூளையை ஒரு பக்கத்தில் மின்சாரத்தால் தூண்டியபோது எதிர்ப்பக்கத் தசைகள் துடித்தன. பிணத்திலும் நாயிலும் தெரிந்த இந்த உண்மை, எதிரே படுத்திருக்கும் நோயாளிக்குப் பேச்சு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடாது. இடக்கைக்காரருக்குப் பேச்சு வலப்பக்கம் என்ற ஊகமே அறுவை மருத்துவர்களிடம் நெடுங்காலம் புழங்கியது.

சப்போரோவில் இருந்த வாதா, அமோபார்பிட்டல் என்ற தூக்க மருந்தைக் கழுத்துத் தமனி வழியே மூளையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் செலுத்தி, முடிவுகளை 1949இல் ஜப்பானிய மொழியில் வெளியிட்டார். அவர் தேடியது வேறு: மன நோயாளிகளுக்குத் தரப்பட்ட மின்னதிர்ச்சியின் பாதிப்பு பேச்சுள்ள பக்கத்தில் படராமல் காப்பது. அமெரிக்கப் படைவீரன் ஒருவன் சுட்ட குண்டு தலையில் பட்டு, ஓயாத வலிப்புக்கு ஆளான சமையல் பயிற்சியாளர் ஒருவருக்கு முதலில் இதைச் செய்ததாக அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஐம்பதுகளின் நடுவில் அவர் மொன்றியால் நரம்பியல் நிறுவனத்துக்குப் போன பிறகே முறை உலகறிந்தது. அங்கிருந்த அறுவை மருத்துவர் தியோடர் ராஸ்முசனுடன் சேர்ந்து எழுதிய ஆங்கிலக் கட்டுரை வெளிவந்தது 1960இல்தான்.

சோதனை எளிமையானது, ஆனால் அஞ்சத்தக்கது. தொடைத் தமனி வழியே நுண்குழாயைக் கழுத்துவரை ஏற்றுவார்கள். நோயாளி இரு கைகளையும் உயர்த்தியபடி எண்களை எண்ணிக்கொண்டிருப்பார். மருந்து இறங்கியதும் எதிர்ப்பக்கக் கை தொப்பென்று விழும். மருந்து சேர வேண்டிய இடம் சேர்ந்ததற்குச் சாட்சி அந்தக் கைதான். பேச்சுள்ள பக்கம் மயங்கியிருந்தால் எண்ணிக்கை நின்று, காட்டும் பொருள்களின் பெயர் வராது. சில நிமிடங்களில் பேச்சு திரும்பும்போது சொற்கள் தடுமாறும். இடைவெளி விட்டு மறுபக்கத்துக்கும் இதே சோதனை.

ராஸ்முசனும் நரம்பியல் உளவியலாளர் பிரெண்டா மில்னரும் 1977இல் தந்த கணக்கு இன்றும் மேற்கோளாகிறது. வலக்கைக்காரரில் 96 விழுக்காட்டினருக்குப் பேச்சு இடப்பக்கம். இடக்கைக்காரரிலும் 70 விழுக்காட்டினருக்கு அப்படியே. 15 விழுக்காட்டினருக்கு வலப்பக்கம், மீதி 15க்கு இரு பக்கமும். பழைய ஊகம் தவறு என்பதை இது காட்டுகிறது. ஆயினும் இவர்கள் அனைவரும் வலிப்பு நோயாளிகள் என்பதை மேற்கோள் காட்டுவோர் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நினைவாற்றலை இச்சோதனையில் சேர்த்தவர் மில்னர். ஒரே பக்கப் பொட்டு மடல் அகற்றப்பட்ட சிலர் புதிய எதையும் நினைவில் வைக்க முடியாமல் போனதே காரணம். அவர்களுக்கு மறுபக்கம் முன்பே பழுதாகியிருக்க வேண்டும். இந்த நினைவுச் சோதனைதான் முறையின் பலவீனமும்கூட. நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸின் பின்பகுதிக்குப் பெரும்பாலும் வேறொரு தமனியே இரத்தம் தருவதால், கழுத்துத் தமனியில் செலுத்திய மருந்து அங்கே சரிவரச் சேர்வதில்லை.

தமனிக்குள் குழாய் ஏற்றுவதால் பக்கவாத அபாயம் உண்டு. எனவே தொண்ணூறுகள் முதல் செயல்சார் எம்ஆர்ஐ இதன் இடத்தைப் பெரிதும் பிடித்தது. அமோபார்பிட்டல் தட்டுப்பாட்டால் வாதா சோதனையில் வேறு மயக்க மருந்துகளும் புகுந்தன. ஆனால் எம்ஆர்ஐ, பேசும்போது எந்தெந்தப் பகுதிகள் இயங்குகின்றன என்று காட்டும். ஒரு பகுதி இல்லாமலே பேச முடியுமா என்பதை அதனால் நேரடியாகக் காட்ட இயலாது. படம் தெளிவாக அமையாதபோதும், பேச்சு இரு பக்கமும் பரவியிருப்பதாகத் தோன்றும்போதும் சில மருத்துவமனைகள் இன்னும் வாதா சோதனையை நாடுகின்றன.