அறுப்பு வண்டி வந்த பிறகு



பத்தமடை என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கோரைப்பாய்தான் நினைவுக்கு வரும். அதை நெய்யும் முஸ்லிம் பெண்களின் கைவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கூலி அதற்கேற்ப உயர்ந்ததா என்பது வேறு கேள்வி. அதே ஊரைச் சுற்றிய நஞ்சையில் தலைமுறைகளாக நெல் அறுத்த தலித் பெண்களின் கைவேலைக்கு எந்தக் குறியீடும் இல்லை. இன்று அவர்களைப் பற்றித்தான் பேச வந்தேன்.

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு அறுப்பு. பெண்கள் அரிவாளால் அறுத்து, கட்டுக் கட்டி, தலைச்சுமையாகக் களம் சேர்ப்பார்கள். ஆண்கள் கதிரடிப்பார்கள். பிறகு சூடடிப்பு, தூற்றல். கூலி நெல்லாகக் கிடைக்கும். அதுதான் வீட்டுச் சோறு. அளந்து போடும் கை மட்டும் நிலக்காரருடையது. ஆகவே பழைய அறுப்பை நினைத்து உருக எனக்கு விருப்பமில்லை.

பின்னர் பெல்ட் வண்டி வயலில் இறங்கியது. அறுப்பு, அடிப்பு, தூற்றல் மூன்றும் ஒரே ஓட்டத்தில் முடிந்தன. ஓட்டுநர் பெரும்பாலும் சேலம், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். மணிக்கணக்கில் வாடகை. "ஆள் கிடைக்கவில்லை" என்றார்கள் நிலக்காரர்கள். அவர்கள் தர நினைத்த கூலிக்குக் கிடைக்கவில்லை என்று முழுதாகச் சொல்லியிருக்கலாம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் வந்து, போலீஸ் தடியடிக்குத் தப்பி இதே ஆற்றில் இறங்கிய 17 பேர் செத்தார்கள். கூலி கேட்பதற்கு இங்கே விலை அவ்வளவு.

இயந்திரம் நமக்கு எதிரியா? 1945-இல் காந்தியத்தை விமர்சித்து எழுதிய அம்பேத்கர், இயந்திரத்தைப் பழிப்பதை ஏற்கவில்லை. உழைப்பவருக்கு ஓய்வு தரவல்லது அது. அதன் பலனைச் சிலரே எடுத்துக்கொள்ளும் சமூக அமைப்பில்தான் கேடு என்றார். பத்தமடை வயலில் அதைக் கண்ணால் பார்க்கலாம். குனிந்த முதுகு நிமிர்ந்தது. மிச்சமான நாளுக்குக் கூலி இல்லை. நிலமும் வண்டியும் அவளுடையதாக இருந்திருந்தால் அந்த நாள் ஓய்வாக இருந்திருக்கும்.

மகளுக்கு வேறு கதவு திறந்திருக்கிறது. கங்கைகொண்டானில் டாடாவின் சோலார் ஆலை, சான்றிதழோடு வரும் இளம்பெண்களைப் பெருமளவில் எடுக்கிறது. அம்மாவுக்குக் கிடைத்தது நூறு நாள் வேலை அட்டை. 'படி, வெளியேறு' என்று நம் இயக்கங்கள் சொன்னது சரிதான். ஐம்பது வயதில் கைநாட்டு வைப்பவளிடம் நாம் என்ன சொன்னோம்?

பிசான அறுப்பில் இப்போதும் சில பெண்களைக் கூப்பிடுகிறார்கள். வண்டி திரும்ப முடியாத வயல் மூலைகளை அறுத்துக் கொடுக்க வேண்டும். அரை நாள் வேலை. வண்டி வருமுன் முடித்துவிட வேண்டும்.