சிப்பியைத் திறந்தவர் யார்?

கடலடியில் கண்டெடுத்த முத்து ஒன்று, அன்பு மனைவியை அடிக்கக் கணவனின் கையை ஓங்கச் செய்தது! அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் தீட்டிய 'முத்து' எனும் குறுங்கதையில் வரும் காட்சி அது. 1945இல் இதழிலும் 1947இல் நூலாகவும் வெளிவந்தது. மெக்சிகோ நாட்டு லா பாஸ் கரையில் முத்துக் குளிக்கும் ஏழை கீனோ, தேள் கொட்டிய குழந்தையோடு மருத்துவர் வாயிலில் நிற்கிறான். காசில்லை, கதவு திறக்கவில்லை. பெருமுத்து கிடைத்த செய்தி பரவியதும், அதே மருத்துவர் குடிசை தேடி வருகிறார்! வணிகர் சிலர் போட்டியிட்டு விலை கூறுவதுபோல் நடிக்கின்றனர்; அனைவரும் ஒரே முதலாளியின் கையாட்கள். குடும்பத்தைக் கெடுக்க வந்த பொருள் என்றுணர்ந்த மனைவி ஹுவானா, இரவில் அதனைக் கடலில் எறிய ஓடுகிறாள். துரத்திப் பிடித்து அடிக்கிறான், உதைக்கிறான் கீனோ. முடிவில் குழந்தை குண்டுக்குப் பலியாகிறது. முத்து மீண்டும் கடலுக்குப் போகிறது.

பணம் புகுந்த இடத்தில் பாசம் படும்பாட்டை அமெரிக்கக் கதாசிரியர் பலர் எழுதியுளர். பரம்பரைச் செல்வத்தின் செருக்கால் காதலைக் கைநழுவ விட்டவனை, 1926இல் வெளிவந்த 'பணக்காரப் பையன்' கதையில் காட்டினார் ஃபிட்ஸ்ஜெரால்டு. எனினும், தூத்துக்குடியில் ஆசிரியப் பணியாற்றும் நம்மைப் பற்றிக்கொண்டது கீனோவின் கதைதான். நம் கடலின் கதையன்றோ அது!

வகுப்பில் இதனை எடுத்துரைத்தோம். கடலோரக் குடும்பத்து மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, சிப்பியை அவனே திறந்தானா? திறக்க விட்டார்களா?" என்று கேட்டான். அவனுடைய பாட்டனாரின் தந்தை முத்துக் குளித்தவராம்.

கேள்வி சிறிது, விடையோ ஈராயிரம் ஆண்டு நீளம்!

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' எனும் கடல்வழிக் குறிப்பு, பாண்டியரின் கொற்கையில் முத்துக் குளித்தோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. அதே நூற்றாண்டில் ரோமாபுரிச் சீமாட்டி லோல்லியா பாலினா, நான்கு கோடி செஸ்டர்ஸ் மதிப்புள்ள முத்தும் மரகதமும் பூண்டு விருந்துக்கு வந்ததைப் பிளினி எழுதி வைத்தார். அணிந்தவளின் பெயர் ஏட்டில் நின்றது. மூழ்கி எடுத்தவனின் பெயர்?

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, இக்கடற்பகுதியில் எடுத்ததில் பத்தில் ஒன்று மன்னனுக்கு, இருபதில் ஒன்று சுறாமீனை மந்திரத்தால் கட்டுவோருக்கு என்கிறார். கட்டு பகலுக்கு மட்டுந்தானாம், இரவில் அவிழ்த்துவிடுவராம். சுறாவும் நேரம் பார்த்துத்தான் கடிக்கும் போலும்! இந்தக் 'கடல்கட்டி'க்கு ஆங்கிலேயர் ஆட்சியிலுங்கூடப் பங்கு கிடைத்து வந்தது.

1530களில் பரதவர் போர்ச்சுகீசியரின் துணை நாடினர். ஏறத்தாழ இருபதாயிரம் பேர் கிறித்தவம் தழுவினர். காவலுக்குக் கட்டணம் உண்டல்லவா? முத்துக்கரை வருவாயில் ஒரு பகுதி, போர்ச்சுகல் அரசியாரின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது! 1542இல் வந்த சவேரியார், அப்பணத்தை இங்குள்ள சிறுவர்க்குக் கற்பிப்போரின் ஊதியத்துக்குத் தருமாறு அரசியாருக்கு எழுதிப் பெற்றார். செருப்புக்கு வைத்த காசு சம்பளமான செய்தியைப் படித்தபோது, ஆசிரியராகிய நாம் சிரிக்காதிருக்க முடியவில்லை.

1658இல் டச்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த சலாபங்களில், மூன்றில் இரண்டு பங்கு சிப்பி அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்க்கு. கடலில் சிப்பியைத் திறத்தல் குற்றம். அரசின் பங்கு, திறவாமலே, ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் போயிற்று. தன் பங்கையாவது திறந்து பார்க்கலாமே குளித்தவன்? அன்றைய அடுப்பு எரிய வேண்டுமே! கரையில் காத்திருந்த கூட்டத்திடம் அப்படியே விற்றான். உள்ளே பெருமுத்து இருந்திருந்தால், அது வாங்கியவனின் பேறு. மாணவனின் கேள்விக்கு விடை இதுவே. கீனோ வாய்க்க வழியற்ற கரை இது!

அப்படியாயின் முத்துச் செல்வம் இங்கே உறவைக் குலைக்கவில்லையா? குலைத்தது. ஒரே குலத்தார், ஒரே பனிமய மாதாவை வணங்கியவர், இரு கூறாயினர். வணிகத்தாலும் சாதித்தலைவரின் அணுக்கத்தாலும் வளம் பெற்றோர் மேசைக்காரர் எனப்பட்டனர். கடலில் இறங்கி உழைத்தோர் கம்மாரக்காரர். இரு சாராரிடையே பெண் கொடுப்பதும் எடுப்பதும் விலக்காயின. ஹுவானாவைக் கீனோ அடித்தது ஓர் இரவு. இங்கே அண்ணன் தம்பி போன்றோர் சம்பந்தியாகாமல் நின்றது தலைமுறை தலைமுறையாக!

பொருள் பிரித்த கரையில் உயிர் பிணைத்த கயிறும் இருந்தது. காலில் கல் கட்டிய கயிற்றோடு மூழ்குபவன், மூச்சு முட்டியதும் கயிற்றை அசைப்பான். மேலிருப்பவன் நொடியும் தாழ்க்காமல் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பர் என்று இக்கரையில் கூறுவதுண்டு. உடன்பிறந்தாளின் தாலி அவன் பிடியில் இருக்கிறதே, விடுவானா? மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்ற பழமொழி, கடலில் இறங்குவோர்க்கும் பொருந்தும்.

1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்த சலாபங்களே கடைசி. 1973இல் இதே ஊரில் ஆய்வாளர்கள் சிப்பிக்குள் கருவிட்டு முத்து வளர்த்துக் காட்டினர். குளித்தவரின் வழிவந்தோரில் சிலர் இன்றும் சங்கு எடுக்க மூழ்குகின்றனர்.

இவ்வளவும் கூறி முடித்தபோது, அதே மாணவன் மீண்டும் எழுந்தான். "கீனோ மூழ்கியபோது மேலே இருந்தது யார், ஐயா? மைத்துனனா?"

ஏட்டைப் புரட்டிப் பார்த்தோம். ஓடத்தில் அமர்ந்து, அவன் தலை நீர்மேல் தெரியும் வரை காத்திருந்தவள் ஹுவானா.