பாக்தாதிலிருந்து அடையாறு வரை: ஒரு பூட்டின் வரலாறு



“நான் தவறு எதுவும் செய்யவில்லை, என் கைப்பேசியை யார் பார்த்தால் என்ன?” என்று நம்மிடையே பலர் கேட்கின்றனர். ஆனால் அப்படிக் கேட்பவரும் தம் வீட்டு வாசலில் திரை தொங்கவிடுகிறார். மகளின் திருமணப் பேச்சை அயலார் முன்னிலையில் பேசுவதில்லை. கொடுக்கல் வாங்கல் கணக்கை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். இவற்றுள் எதுவும் குற்றத்தை மறைக்கும் செயல் அன்று. பிறர் இல்லத்தில் அனுமதி பெற்று ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும் என்று சூரா அந்நூர் கற்பிப்பதையும், பிறரைத் துருவி ஆராய்வதை சூரா அல்ஹுஜுராத் தடுப்பதையும் நம் பிள்ளைகள் மதரஸாவின் தொடக்க வகுப்புகளிலேயே அறிந்துகொள்கின்றனர்.

இன்று அந்தத் திரையும் அலமாரியும் கைப்பேசிக்குள் குடிபுகுந்துவிட்டன. வளைகுடாவில் உழைக்கும் மகனின் குரல், மருத்துவரின் அறிக்கை, குடும்பப் பெண்களின் நிழற்படம், வங்கிக் கணக்கு ஆகிய அனைத்தும் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்த அலமாரியின் பூட்டு நல்ல பூட்டுத்தானா என்பதை நாம் எவ்வாறு அறிவது? இதற்கான விடைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் தொடக்க அத்தியாயத்தை எழுதியவர்கள் அரபு மொழி அறிஞர்கள். அண்மைய அத்தியாயம் ஒன்று நம் சென்னையிலேயே எழுதப்பட்டது.

அல்கிந்தியின் கண்டுபிடிப்பு

அரபு யாப்பிலக்கணத்தை வகுத்த கலீல் இப்னு அஹ்மத், ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே மறைமொழி பற்றி ஒரு நூல் எழுதினார். அந்நூல் நமக்குக் கிடைக்கவில்லை. அடுத்த நூற்றாண்டில் கூஃபாவில் பிறந்து பாக்தாதில் வாழ்ந்த தத்துவ அறிஞர் அல்கிந்தி (சுமார் 801–873) எழுதிய நூல் கிடைத்திருக்கிறது. மறைமொழிக் கடிதங்களை அவிழ்த்துப் படிப்பது எப்படி என்பதே அதன் பொருள். பல நூற்றாண்டுகள் இஸ்தான்பூலின் சுவடிகளுக்கிடையே உறங்கிய அது, 1980-களில் டமாஸ்கஸ் அறிஞர்களால் பதிப்பிக்கப்பட்டது.

அல்கிந்தி கண்டது எளிய உண்மை. எந்த மொழியிலும் சில எழுத்துகள் மிகுதியாகவும் சில அரிதாகவும் வரும். அரபியில் அலிஃபும் லாமும் அடிக்கடி வருகின்றன. ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக வேறோர் எழுத்தை வைத்துக் கடிதம் எழுதினாலும், மிகுதியாக வரும் எழுத்து மிகுதியாகவே வரும். எண்ணிப் பார்த்தால் மறைப்பு கலைந்துவிடும். “இந்த முறை யாருக்கும் தெரியாது, எனவே கடிதம் பத்திரம்” என்று நம்பியிருந்தவர்களின் நம்பிக்கை அன்றே ஆட்டம் கண்டது.

அக்கலை அரபு உலகில் தொடர்ந்து வளர்ந்தது. 1412-இல் அல்கல்கஷந்தீ முடித்த பதினான்கு தொகுதிக் கலைக்களஞ்சியத்தில், அவருக்கு முன் வாழ்ந்த இப்னு துரைஹிமின் ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டு மறைமொழிக்கென ஒரு பகுதி இடம்பெற்றது. பின்னர் ஐரோப்பாவும் இப்பாடத்தைக் கற்றது. 1883-இல் அகுஸ்த் கெர்க்ஹோஃப்ஸ் என்பவர் அதற்கு ஒரு விதியின் வடிவம் தந்தார். மறைக்கும் முறை எதிரியின் கையில் அகப்பட்டாலும் கேடு விளையக்கூடாது. சாவி மட்டுமே இரகசியமாக இருக்க வேண்டும் என்பதே அவர் வகுத்த விதியின் சாரம்.

திண்டுக்கல் பூட்டை நினைத்துப் பாருங்கள். அதன் உள்ளமைப்பை ஊரில் உள்ள பூட்டுத் தொழிலாளர் பலரும் அறிவர். அறிந்தும் உங்கள் பூட்டை அவர்களால் எளிதில் திறக்க முடியாது என்றால்தான் அது நல்ல பூட்டு. உள்ளமைப்பை எவரும் பார்க்கக்கூடாது என்று சொல்லி விற்கப்படும் பூட்டை விற்பவரின் வாய்ச்சொல்லை மட்டுமே நம்பி வாங்க வேண்டியிருக்கும்.

திறந்து காட்டிய பூட்டுகள்

கணினியில் பூட்டு என்பது மென்பொருள். அதன் உள்ளமைப்பு, நிரலர் எழுதிய மூல நிரல். 1983 செப்டம்பரில் அமெரிக்க நிரலர் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். ஒரு மென்பொருளைப் பயன்படுத்தவும், அதன் மூல நிரலைப் படித்து மாற்றவும், படியெடுத்துப் பகிரவும், மாற்றியதை வெளியிடவும் எவருக்கும் உரிமை வேண்டும் என்பது அவர் கோரிக்கை. இத்தகைய மென்பொருளைத் தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்கிறோம். ‘இலவச மென்பொருள்’ என்று சொன்னால் பொருள் திரிந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் செயலிகள் பலவற்றின் மூல நிரலை நாம் பார்க்கவே முடியாது; அவற்றுள் சில, நம் விவரங்களையே விலையாகப் பெற்றுக்கொள்கின்றன.

1991-இல் ஃபில் சிம்மர்மன் என்ற அமெரிக்கர், மின்னஞ்சலைப் பூட்டும் பி.ஜி.பி. என்ற மென்பொருளை எழுதி மூல நிரலுடன் வெளியிட்டார். அக்காலத்தில் வலிமையான மறையாக்கக் கருவிகளை அமெரிக்கச் சட்டம் போர்த்தளவாடங்களோடு சேர்த்து எண்ணியது. அவர்மீது மூன்றாண்டுகள் குற்ற விசாரணை நடந்தது. அச்சிட்ட புத்தகத்தை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடையில்லை என்பதால், 1995-இல் மூல நிரல் முழுவதும் நூலாகவே அச்சாயிற்று. 1996 ஜனவரியில் வழக்கின்றி விசாரணை கைவிடப்பட்டது. 1999-இல் ஜெர்மனியின் வெர்னர் கோக், அதே பணியைச் செய்யும் குனு பி.ஜி. என்ற கட்டற்ற மென்பொருளின் முதற்பதிப்பை வெளியிட்டார். 2013-இல் அமெரிக்க உளவு நிறுவனத்தின் பரந்த கண்காணிப்பை எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்தியபோது, செய்தியாளர்களோடு அவர் தொடர்புகொள்ளத் துணைநின்றவை இத்தகைய திறந்த பூட்டுகளே.

ஆயினும் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். திறந்திருப்பதாலேயே எந்தப் பூட்டும் குறையற்றதாகிவிடாது. இணையத்தளங்களுக்கான தொடர்பைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கட்டற்ற மென்பொருளில், ‘ஹார்ட்பிளீட்’ எனப் பெயரிடப்பட்ட பெரும்பிழை ஈராண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2014 ஏப்ரலில் வெளியே தெரிந்தது. எவரும் பார்க்கலாம் என்ற நிலை இருந்தும், போதிய அளவு எவரும் பார்க்கவில்லை. பிழை தெரிந்ததும் அதைத் திருத்தவும், திருத்தம் சரிதானா என்று உலகமே சோதிக்கவும் முடிந்தது அது திறந்திருந்ததால்தான்.

நம் நகரின் பங்கு

இவ்வியக்கத்துக்குச் சென்னை புதியதன்று. அடையாறு சர்தார் பட்டேல் சாலையில் உள்ள ஐ.ஐ.டி. வளாகத்தில், சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் பல ஆண்டுகள் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் கூடி, கற்றதைப் பிறருக்கு இலவசமாகக் கற்பித்தனர். தியாகராய நகரை அடுத்த நந்தனத்தில் இயங்கும் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், 2007-ஆம் ஆண்டளவில் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி நாட்டின் கவனத்தை ஈர்த்தது. அதே ஆண்டில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் ‘பாஸ்’ என்ற லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிட்டது. 2012 முதல் ‘கணியம்’ மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில் எழுதி வருகிறது.

தனியுரிமைச் சட்ட வரலாற்றிலும் நம் நகருக்கு இடமுண்டு. தூக்குத் தண்டனைக் கைதி ஒருவரின் தன்வரலாற்றை வெளியிட விரும்பிய சென்னையின் ‘நக்கீரன்’ இதழ் தொடுத்த வழக்கில், 1994 அக்டோபர் 7-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதழின் வெளியிடும் உரிமையை ஒருபுறம் காத்த அத்தீர்ப்பு, தனியுரிமை என்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவிலேயே உள்ளடங்கியது என்பதையும் எடுத்துரைத்தது. 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாக உறுதிசெய்தது. அவ்வமர்வில் நீதியரசர் எஸ்.அப்துல் நஸீரும் ஒருவர்.

சாவியைக் கேட்ட வழக்கு

2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் நிறுவனம் தன் பயனர் அனைவரின் செய்திகளுக்கும் முனைக்கு முனை மறையாக்கத்தைக் கொண்டுவந்தது. அனுப்புபவரின் கைப்பேசியில் பூட்டப்படும் செய்தி, பெறுபவரின் கைப்பேசியில்தான் திறக்கும். இடையில் உள்ள நிறுவனத்தாலும் படிக்க இயலாது. இதற்கான பூட்டு, சிக்னல் என்ற கட்டற்ற செயலியை உருவாக்கியவர்கள் வடித்து உலகுக்குத் திறந்து காட்டியதாகும்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவரை, பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியை நம்பிய கும்பல் அடித்துக் கொன்றது. நாட்டின் வேறு பகுதிகளிலும் அவ்வாண்டு இத்தகைய கொலைகள் நடந்தன. வதந்தியைத் தொடங்கியவன் யார் என்று கண்டறிய வேண்டாமா என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது. அவ்வாண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரு பொதுநல மனுக்கள் தாக்கலாயின. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் அல்லது வேறு அரசு அடையாளத்துடன் இணைக்க வேண்டும் என்பது கோரிக்கை. ஆதார் இணைப்பை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் செய்தியைத் தொடங்கியவரைக் கண்டறியும் வழி குறித்து விசாரணை விரிந்தது.

2019-இல் ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி ஒரு வழியை முன்வைத்தார். ஒவ்வொரு செய்தியுடனும் அதை முதலில் எழுதியவரின் அடையாளத்தைச் சேர்த்தே அனுப்பலாம். அதையும் பூட்டி வைத்து, நீதிமன்றம் ஆணையிட்டால் மட்டும் நிறுவனம் திறந்து காட்டலாம் என்பது அதன் ஒரு வடிவம். மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் இதை மறுத்தார். தீயவர்கள் செயலியைத் திருத்தியோ வெளிநாட்டு எண்ணைப் பயன்படுத்தியோ தப்பிவிடுவர். தான் எழுதாத ஒன்றுக்கு அப்பாவி பொறுப்பாளி ஆகக்கூடும் என்பது அவர் வாதம். 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கைத் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

விவாதம் அதோடு முடியவில்லை. 2021 பிப்ரவரியில் வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய செய்திச் செயலிகள் முதல் அனுப்புநரைக் கண்டறிந்து சொல்ல வேண்டும் என்றன. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் நாட்டை விட்டே வெளியேற நேரும் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் கூறினார்.

இரு தரப்பின் கவலையும் பொய்யன்று. ஆயினும் அல்கிந்தியின் பாடத்தை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டும். குற்றவாளிக்கென ஒரு பூட்டும் நல்லவர்க்கென வேறொரு பூட்டும் இல்லை. ஒருவருக்காகச் செய்யப்படும் மாற்றுச்சாவி கோடிக்கணக்கான வீடுகளையும் திறக்கும். அது யார் கையில் போய்ச் சேரும் என்பதற்கு எவரும் உத்தரவாதம் தர இயலாது. பூட்டை உடைக்காமலும் தீங்கைக் குறைக்கலாம். 2018-லேயே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. தீர விசாரிக்காமல் செய்தியைப் பரப்பாதிருப்பது நம் கையில் உள்ள கட்டுப்பாடு.

நாம் செய்யக்கூடியவை

இவ்வரலாற்றிலிருந்து நம் குடும்பங்கள் சில நடைமுறைகளைப் பெறலாம். குடும்ப உரையாடலுக்குச் சிக்னல் செயலியைப் பயன்படுத்தலாம். அதன் செயலி முழுவதுமே கட்டற்றது. வாட்ஸ்அப்பின் பூட்டு திறந்த முறையில் அமைந்தது என்றாலும் செயலியின் மூல நிரல் மூடியே உள்ளது. நாம் யாரிடம் எப்போது பேசினோம் என்ற விவரத்தையும் அந்நிறுவனம் அறிய முடியும். இணையத்தில் உலவ ஃபயர்பாக்ஸ் உண்டு. கடவுச்சொற்களைத் தாளில் எழுதிக் கைப்பேசி உறைக்குள் செருகுவதற்குப் பதிலாக, கீபாஸ்எக்ஸ்சி என்ற கட்டற்ற பெட்டகத்தில் வைத்து ஒரே ஒரு நீண்ட கடவுச்சொல்லை மனனம் செய்யலாம். பழைய கணினி மெதுவாகிவிட்டதென ஒதுக்காமல் லினக்ஸ் நிறுவிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். எந்த மென்பொருளாயினும் புதுப்பிப்பு வந்தால் தள்ளிப்போடாதீர்கள்; ஹார்ட்பிளீட் போன்ற ஓட்டைகள் அடைபடுவது அவ்வழியில்தான். பழுதுபார்க்கக் கடையில் கைப்பேசியைக் கொடுக்கும் முன், படங்களை வேறிடத்தில் சேமித்துவிட்டுக் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுவது நலம்.

எந்தப் பூட்டாலும் இயலாத ஒன்றும் உண்டு. நம்மை நம்பி ஒருவர் அனுப்பியதை நாமே படமெடுத்து இன்னொருவருக்கு அனுப்பினால், உலகின் எந்த மறையாக்கமும் அவரைக் காக்காது. நம்பிக்கையோடு பேசப்பட்ட சொல் அமானிதம். மென்பொருளின் பூட்டை நிரலர்கள் ஆராய்ந்துகொள்வார்கள். இந்தப் பூட்டின் சாவி நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களின் கண்ணியத்தையும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களையும் பாதுகாக்கும் ஆற்றலை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.