கொட்டில் போடத் தெரிந்த கைகள்

வெள்ளவத்தையில், காலி வீதியோர உணவகம் ஒன்றின் சீமெந்துச் சுவரில் அழகுக்காகக் கிடுகு கட்டியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். மட்டைப் பக்கம் கீழே, ஓலை நுனி மேலே. கூரையில் இப்படிக் கட்டினால் மழைத் தண்ணீர் முழுவதும் வீட்டுக்குள்தான் இறங்கும். கட்டியவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் கொட்டிலைப் படத்தில் பார்த்திருப்பார்.

கொட்டில் என்றால் ஏழ்மை என்றே பலர் நினைக்கிறார்கள். குடிசன மதிப்பீட்டிலும் அதற்கு நிரந்தர வீடு என்ற இடம் கிடைப்பதில்லை. ஆனால் அதற்குள் இருந்த கணக்கு சாதாரணமானதல்ல.

முதலில் கப்பு. வன்னியில் பாலை, முதிரை போன்ற வைர மரங்களில் கவர் உள்ள தடியாகப் பார்த்து வெட்டுவார்கள். மண்ணுக்குள் போகும் அடியைக் கருக்கினால் கறையான் இலகுவில் அண்டாது. உயரமான நடுக்கப்புகளின் மேல் முகட்டு வளை, அதிலிருந்து இறங்கும் கைமரங்கள், குறுக்கே வரிச்சுத்தடி. ஆணி இல்லை, எல்லாம் நாரும் தும்புக்கயிறும்தான்.

சுவருக்குப் புற்றுமண் நல்லது. வைக்கோல் போட்டு மிதித்துக் குழைத்து, ஒரு வரி காய்ந்த பிறகே அடுத்த வரி வைக்க வேண்டும். அவசரப்பட்டால் சுவர் பிளக்கும். அடியில் சுற்றிவர வைக்கும் குந்து, இருப்பதற்கு மட்டுமல்ல. மழைத்துளி தெறித்துச் சுவரின் அடி கரையாமல் காப்பதும் அதுதான். கூரை விளிம்பு குனிந்து போகும் அளவுக்குத் தாழ்ந்திருப்பதும் அதே காரணத்துக்காகத்தான். அதோடு சோளகக் காற்றும் கூரைக்குள் புகுந்து தூக்காது.

பனையோலையை வெட்டி, மிதித்து, அடுக்கி, பாரம் ஏற்றித் தட்டையாக்குவார்கள். தென்னோலையை இரண்டாகக் கிழித்து ஊறவைத்துக் கிடுகு பின்னுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. மேய்ச்சல் கீழ் விளிம்பில் தொடங்கி முகட்டில் முடியும். ஐப்பசி மழைக்கு முன் ஊரே சேர்ந்து மேய்ந்துவிடும். அன்றைய சாப்பாடு வீட்டுக்காரர் பொறுப்பு. அடுப்புப் புகை ஓலையில் பூச்சி பிடிக்காமல் காத்தது. புகைபோக்கி வைத்த குசினிக்காரர்களுக்கு இது புரியாது.

1990களில் வன்னிக்குச் சீமெந்தும் இரும்பும் தடுக்கப்பட்டிருந்த காலத்தில் சனத்தைக் காத்தது இந்த அறிவுதான். 1995 ஒக்டோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்து, பின்னர் வன்னிக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் பற்றை வெட்டி, தடி நட்டு, சில நாட்களில் கூரைக்குக் கீழ் இருந்தார்கள். 2009இல் மெனிக் பாமில் அதற்கும் வழியில்லை. முட்கம்பிக்குள் கொடுத்த கூடாரம்தான். மீள்குடியேறியபோது கிடைத்த தகரத்துக்குக் கீழே நடுப்பகலில் குழந்தையைக் கிடத்தியவர்களுக்கு ஓலையின் குளிர்ச்சி சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2016இல் வடக்கு, கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்ற திட்டம் வந்தபோது பொறியியலாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்தார்கள். வெக்கை, அத்திவாரம், பழுதானால் யார் திருத்துவது என்பவை அவர்கள் கேட்ட கேள்விகள். கொட்டில் போட்டவனிடம் இந்த மூன்றுக்கும் பதில் இருந்தது. அவனை யாரும் கேட்கவில்லை.

எல்லோரும் கொட்டிலுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓலை தீப்பிடிக்கும். ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மேய வேண்டும். ஆண் துணை இழந்த வீட்டில் கூலிக்கு ஆள் பிடிப்பது பெரும்பாடு. கல்வீடு அவர்களின் உரிமை. இருந்தும், இந்திய வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கட்டிய வளவுகளில்கூடப் பின்பக்கம் ஒரு ஓலைக் குசினியைக் காணலாம்.

கொட்டாஞ்சேனையில், தொடர்மாடி ஒன்றில் மகளோடு இருக்கும் முல்லைத்தீவு ஐயா ஒருவர் முன்பு கொட்டில் மேய்ந்தவர். வரிச்சுக் கட்டு எப்படிப் போடுவது என்று கேட்டேன். கதிரைக் காலில் நைலோன் கயிற்றைச் சுற்றிக் காட்டினார். இரண்டு தரம் வழுக்கியது.

"இது நாரில்லை தம்பி, பிடிக்காது," என்றார். "அடுத்த முறை வரேக்கை கொஞ்சம் பனை நார் கொண்டு வாங்கோ."