பத்தியத் தாளில் இல்லாத வரலாறு

மாரடைப்பு வந்து பிழைத்து வீடு திரும்பிய அப்பாவின் கையில் ஒரு தாள் இருந்தது. 'தவிர்க்க வேண்டியவை', 'சேர்க்க வேண்டியவை' என இரண்டு வரிசை. முதலாவதில் ஊறுகாய், கருவாடு, அப்பளம், பாமாயில், அதிகமான வெள்ளைச்சோறு. இரண்டாவதில் கேழ்வரகு, கம்பு, பயறு, கீரை. இதையும் ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது.

சித்த மருத்துவத்தில் பத்தியம் மருந்தோடு சேர்ந்தது. மருந்து முடிந்தால் பத்தியம் முறிக்க ஒரு நாள் உண்டு. இந்தத் தாளில் அப்படியொரு நாள் கிடையாது. சாகும்வரை தன்னைத்தானே கண்காணித்துக்கொள்ளும் ஓர் உடலை அது கோருகிறது.

இந்த உடல் உருவான கதை நம்முடையதல்ல. 1955 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது, மருத்துவர் பால் டட்லி வைட் பத்திரிகையாளர்களைக் கூட்டி விளக்கம் சொன்னார். ஒரு மனிதனின் ரத்தக்குழாய் தேசத்துக்கே பாடமாயிற்று. 1958-ல் ஆன்செல் கீஸ் முறையாகத் தொடங்கிய 'ஏழு நாடுகள் ஆய்வு' 12,763 பேரைப் பின்தொடர்ந்தது. எல்லோரும் ஆண்கள், 40 முதல் 59 வயதுக்காரர்கள். அந்த ஏழில் இந்தியா இல்லை. 1961-ல் அமெரிக்க இதயச் சங்கம் கொழுப்பைக் குறைக்கும்படி பரிந்துரைத்தது.

அதற்காகத் தாள் சொல்றது பொய் என்று நான் வாதிடவில்லை. உப்பைக் குறைத்தால் ரத்த அழுத்தம் குறையும். பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்புதான். என் கேள்வி வேறு. அந்தத் தாள் 'நீ' என்று தனிமனிதனைப் பார்த்தே பேசுகிறது. தட்டில் இருப்பதெல்லாம் அவன் தேர்ந்தெடுத்தது என்று அது நம்புகிறது.

அப்பாவின் சிறுவயதில் தருமபுரிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் கேழ்வரகுதான். நெல்லுச்சோறு பண்டிகைக்கு. களி தின்கிறவன், சோறு தின்கிறவன் என்பது வெறும் ருசிபேதம் அல்ல, அந்தஸ்து. அதனால்தான் 1967-ல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதிக்கு அவ்வளவு வலு இருந்தது. 2008-ல் அரிசி கிலோ ஒரு ரூபாய்; 2011-ல் இலவசம். ரேஷன் அரிசி பசியைத் தணித்ததை மறுப்பவன் ஊரை அறியாதவன். ஆனால் நிறையச் சோற்றைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டு இறக்க உப்பு வேண்டும், ஊறுகாயோ கருவாடோ வேண்டும். 2007 முதல் ரேஷனில் பாமாயிலும் மலிவாக வந்தது. ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை 'தவிர்க்க' என்கிறது.

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் இழிவென்று விலக்கப்பட்ட தானியம் ஆரோக்கியம் என்ற பெயரில் திரும்பும்போது, அதை இழிவாக்கிய வரலாறு பேசப்படவே இல்லை.

முதல் நாள் களியை உருட்டிக்கொண்டே அப்பா சொன்னார்: "இதைத் திங்கக் கூடாதுன்னுதானடா உன்னைப் படிக்க வச்சேன்." அவர் பத்தியம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தையும் கேட்டுவிட்டு எழுதட்டும்.